தேனி பஸ்ஸில் வந்த மூடுபனி

ஏழு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லாமல், அதனாலேயே எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஒரு வைகாசியில், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தேனி பஸ்ஸிலிருந்து ஒரு மூடுபனி இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், தண்ணீர் லாரியைத் தாண்டி, பேப்பர் குடோனைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் திரும்பி, எட்டாவது வீடான தங்கபுஷ்பத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. ஆண்டிபட்டியிலிருந்து நின்றுகொண்டேதான் வந்தது என்றும், இடம் காலியான பிறகும் உட்காரவில்லை என்றும், டிக்கெட் எடுக்கவில்லை என்றும் கண்டக்டர் டீக்கடையில் சொன்னார். மூன்றாவதுதான் எனக்கு உறுத்தியது. ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

என் பெயர் சொர்ணம், தெருவில் சந்தேகச் சொர்ணம். கடையில் நிறுத்த தக்காளியை வீட்டில் இன்னொரு தடவை நிறுக்கிறவள், கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கிறவள், யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்றைக்கு முழுவதும் தூக்கம் கெடுகிறவள். அச்சாபீஸில் காலண்டரின் தலையிலும் காலிலும் தகரப் பட்டை அடிப்பது என் வேலை. புஷ்பமும் அங்கேதான், ஆனால் மாடியில், விசிறிக்குக் கீழே, படம் வரைகிற இடத்தில். அவள் புருஷன் காசிராஜன் கீழே காகிதம் வெட்டுகிற மெஷினில். எங்கள் ஊர் காகிதத்தாலும் வெடிமருந்தாலும் சோறு தின்கிற ஊர், ஆகவே மற்ற ஊர்க்காரர்கள் மழைக்குக் கும்பிடுகிற மாதிரி நாங்கள் வெயிலுக்குக் கும்பிடுகிறவர்கள். ஈரம் பட்டால் குச்சி பற்றாது, காகிதம் ஊதிக்கொள்ளும், ஊதிய காகிதத்தில் நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு மூடுபனி எதற்கு வரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புஷ்பம் இருபத்து மூன்று வருஷமாகக் காலண்டருக்கு மலை வரைகிறவள். நகைக்கடைக் காலண்டரில் மலை, அரிசி மண்டிக் காலண்டரில் மலை, பனி மூடிய மலை, அருவி விழுகிற மலை, ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி கேட்டால் ஒரே மலையில் இரண்டும். மலையில் அவள் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. போன வருஷம் போடியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வாத்தியார் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, இந்த மலைக்கு நிழல் ரெண்டு பக்கமும் விழுதே, உங்க ஊர்ல ரெண்டு சூரியனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் கடைப் பெயர் அச்சடிக்க இடமில்லாமல் போய்விடும் என்று முதலாளி சொல்லி, இரண்டு பக்கமும் வெளிச்சம் போட்டுப் பழகிய கை அது. வாத்தியார் போய்விட்டார். புஷ்பம் அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை, அதற்கப்புறம் ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் நாப்பது நாள் மலையில ரெசிடென்சி இருக்கப் போறேன்" என்றாள்.

குடங்கள் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் ஊரில் ரெசிடென்சி என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற லாட்ஜ். இரண்டு இருக்கிறது, குடும்பப் பெண்கள் அந்தப் பக்கம் நடக்கும்போது தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். நாற்பத்தாறு வயதுக்காரி, கட்டின புருஷன் கல்லு மாதிரி இருக்க, நாற்பது நாள் ரெசிடென்சி என்கிறாள். அவள் செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டாளாம், படம் வரைகிறவர்கள் ஊரை விட்டு விலகிப்போய், ஒரு இடத்தில் தங்கி, தொந்தரவு இல்லாமல் வரைவதற்கு அதுதான் பேராம், சிலருக்குச் சங்கம் அழைப்பு அனுப்புமாம், அழைப்பு வராதவர்கள் தாங்களே தங்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாமாம்.

"யாரு கூப்பிட்டா?" என்று காசிராஜன் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"யாரும் கூப்பிடலை. நானே என்னையக் கூப்பிட்டுக்கிட்டேன்."

இதற்கு மேல் சந்தேகப்பட ஒரு தெருவுக்கு என்ன வேண்டும்.

அவள் தயாரான விதமும் சரியில்லை. அச்சாபீஸ்காரி அல்லவா, தனக்குத்தானே ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடித்துக்கொண்டாள். பெயர், வயது, தங்கும் நாட்கள், தங்கும் நோக்கம், நோக்கத்துக்கு எதிரே "ஒரு மலையை ஒரு பக்கத்து வெளிச்சத்தில் பார்ப்பது", கீழே இடது பக்கம் விண்ணப்பதாரர் கையெழுத்து, வலது பக்கம் அனுமதிப்பவர் கையெழுத்து, இரண்டிலும் தங்கபுஷ்பம் என்றே போட்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பது, பத்து வரை வரைவது, கஞ்சி, மறுபடி வரைவது என்று நேரப் பட்டியல் வேறு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாத பட்டியல். முதலாளியிடம் பேசி லீவு வாங்கினாள், ஆடிப்பெருக்குக்குப் புதுச் சாம்பிள் புத்தகம் வெளியாக வேண்டும் என்பதால் இந்த வைகாசி ஆனி விட்டால் இனி எந்த வருஷமும் இல்லை என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். முன் அறையின் மூலையில் ரெக்ஸின் பையை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்: ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ், பென்சில் டப்பா, ஆபீஸில் வெட்டி மிஞ்சிய தடித்த காகிதம், கருப்பட்டி, டார்ச் லைட்.

மேகமலைக்குப் போகிற வழியில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்து வீட்டைப் பேசி வைத்திருந்தாள். தோட்டக் காவலாளி ஒரு நாள் போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போடச் சொன்னதும் நான்தான். "இங்க அட்டை ஜாஸ்திம்மா, மறக்காம உப்பு கொண்டாங்க" என்றான் அவன். புஷ்பத்துக்கு ஒரே சந்தோஷம். அட்டை அங்கேயே நிறையக் கிடைக்கிறதென்றால் காகிதத்தை வைத்து வரைய இங்கிருந்து சுமக்க வேண்டாம் என்று, எடுத்து வைத்திருந்த நாலு கனத்த அட்டைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். எனக்கு உப்பில்தான் மனம் நின்றது. பிறந்ததிலிருந்து அட்டையோடு புழங்குகிறோம், ஒட்டியிருக்கிறோம், வெட்டியிருக்கிறோம், ஒரு அட்டைக்காவது உப்புப் போட்டிருக்கிறோமா? ஏதோ சங்கேதப் பேச்சு என்று முடிவு செய்தேன். புஷ்பம் ஒரு கிலோ கல்லுப்பை வாங்கிப் பையில் வைத்தாள்.

அவள் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, மூடுபனி பஸ் ஏறி வந்தது.

வந்தது முன் அறை முழுக்க உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது, பையைத் தடவியது, விண்ணப்பத்தைப் படித்ததோ என்னவோ அந்தக் காகிதம் ஓரத்தில் சுருண்டது, சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டு பக்கமும் வெளிச்சம் அடிக்கிற மலைக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க நகராமல் நின்றது. எங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, அதற்கும் எங்கள்மேல் இருந்த மாதிரி தெரியவில்லை.

முதல் நாள் தெரு பயந்தது. இரண்டாம் நாள் தெரு குளிர்ந்தது. வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து கால் மணி நேரம் உள்ளே நிறுத்தி எடுத்துப் போனார்கள், பூக்காரிகள் மல்லிகைப் பந்தை வாசலோரம் வைத்துவிட்டு மத்தியானம் வந்து வாங்கிப் போனார்கள், பிளஸ் டூ டியூஷன் அங்கே மாறியது, காலையில் ஆண்கள் மாலையில் பெண்கள் என்று முறை வைத்தார்கள், முறை மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் சண்டையும் இல்லை. மூன்றாம் நாள் கெட்டது தெரிய ஆரம்பித்தது. இட்லி மாவு புளிக்கவில்லை, அப்பளம் தொங்கியது, தீப்பெட்டி செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊரில் எட்டு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் குச்சி பற்றவில்லை. காசிராஜன் சட்டையில் ஒட்டிக்கொண்டு மூடுபனி ஆபீஸுக்கே போனது. அவர் வெட்டிய காகிதம் ஊதியது, சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்தது, லட்சுமி காலண்டர் நாலாயிரத்திலும் அம்மனின் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விட்டது. இனி ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நின்று காய்ந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும் என்று முதலாளி சொல்ல, அந்த மனுஷன் அப்படியே போய் வெயிலில் நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். பேப்பர் குடோன் பால்சாமி அண்ணாச்சிதான் தெருவுக்குத் தலைவர். மூடுபனி புஷ்பத்துக்காக வந்திருக்கிறது, அவள் போனால் அதுவும் போய்விடும், ஆகவே அவளை உடனே அனுப்ப வேண்டும் என்றது ஒரு கட்சி. உடனே அனுப்பினால் நாமே ஒரு குடும்பப் பெண்ணை ரெசிடென்சிக்கு அனுப்பிவைத்ததாக ஆகிவிடும் என்றது இன்னொரு கட்சி. அக்கினி நட்சத்திரம் முடிகிறவரை இரண்டு பேருமே இருக்கட்டும் என்றார்கள் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள்.

"ஏத்தா புஷ்பம், ஒளிக்காமச் சொல்லு," என்றார் அண்ணாச்சி. "அது ஒன்னையக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கு?"

"இல்ல அண்ணாச்சி. நான் எப்படித் தயாராகுறேன்னு பார்க்க வந்திருக்கு."

"பார்த்துட்டு என்ன சொல்லுச்சு? பாஸா, பெயிலா?"

எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. "பையில இருந்து ஒவ்வொண்ணா காணாமப் போகுது அண்ணாச்சி," என்றாள். "பெயில்னுதான் தோணுது."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் ஸ்வெட்டரைக் காணோம், பிறகு பூட்ஸ், பிறகு டார்ச், புதிதாக வாங்கி வைத்த ஸ்வெட்டரும் மறுநாள் காணோம், அன்று காலை பென்சில் டப்பாவும் உப்பும். இன்னும் மூன்றே நாள், சாமான் இல்லாமல் மலை ஏற முடியாது, தேதி தவறினால் லீவு போச்சு, லீவு போனால் இந்தப் பிறவியில் அவள் பார்க்கப் போவது இரண்டு சூரியன் அடிக்கிற மலைதான். பனி எதற்கு ஸ்வெட்டர் திருடும்? உள்ளே ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான், அதுதான் தெருவின் முடிவு. ரெசிடென்சி, சங்கேதப் பேச்சு, டிக்கெட் எடுக்காத வருகை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. போய்ப் பார்த்துவரத் தெரு என்னைத் தேர்ந்தெடுத்தது. நான் மறுப்புச் சொல்லவில்லை, அவர்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் போயிருப்பேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புஷ்பம் ஆபீஸ் மாடியில் கடைசி மலையை முடித்துக்கொண்டிருந்தபோது, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. ஏலக்காய் வாசனையும் ஈர மண் வாசனையும் வந்தது, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை, நடக்க நடக்க முன் அறை முடியவே இல்லை, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை நனைந்த இலையாக இருந்தது. யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "யாருடா அது?" என்று அதட்டினேன். அந்த நேரத்தில் என் கணுக்காலில் ஏதோ குளுகுளுவென்று ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. பிடித்து இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டதே தவிர விடவில்லை. நான் போட்ட கூச்சல் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும், மூடுபனி அதையும் விழுங்கிவிட்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. என் கணுக்காலில் ஒரு பிடி கல்லுப்பை வைத்து அழுத்தியது. அந்தக் கறுப்புப் பூச்சி சுருண்டு கீழே விழுந்தது.

"பயப்படாதீங்க மதினி, அட்டைதான்," என்றது காசிராஜனின் குரல். "எனக்கும் ரெண்டு கடிச்சிருச்சு. உப்பு வெச்சா விட்டுரும்."

புஷ்பத்தையும் என்னையும் ஏமாற்றிய அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடச் சந்தேகம் வேகமாக வந்தது.

"உப்பு ஏது தம்பி?" என்றேன்.

கணுக்காலை அழுத்தியிருந்த கை சட்டென்று பின்வாங்கியது.

"காணாமப் போன உப்பு உங்க கையில எப்படி வந்துச்சு?"

முகம் தெரியாத இடத்தில் ஆண்களுக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது. "நான்தான் எடுத்தேன் மதினி. ஸ்வெட்டரு, பூட்சு, எல்லாத்தையும் நான்தான் எடுத்து நெல்லுக் குதிருக்குள்ள வெச்சிருக்கேன். அனுமதிப்பவர்ங்கிற எடத்துல என் பேரு இருக்கும்னு நெனச்சேன். அதுலயும் அவ பேரையே போட்டுக்கிட்டா."

"இதுக்காகவா திருடுறது? ஒரு கையெழுத்துக்கா?"

"அதுக்கில்ல." உப்புப் பொட்டலத்தை மடிக்கிற சத்தம் கேட்டது. "இருபத்து மூணு வருசமா இல்லாத மலையப் பாத்தே அவளுக்குப் போதும்னு இருந்துச்சு. இப்ப நெசமான மலையப் போயிப் பாத்துட்டான்னா, திரும்பி வந்து என்னையப் பாப்பால்ல. என்னைய அவ இதுவரைக்கும் சரியாப் பாத்ததில்ல மதினி. பாத்தா என்ன இருக்கு?"

எல்லோரிடமும் ஒளிந்திருப்பதைத் தோண்டுவதே பிழைப்பாக இருந்துவிட்டு, ஒன்று கையில் வந்து விழுந்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, பனியில் எல்லோர் முகமும் நனைந்துதான் இருந்தது.

"எடுத்ததையெல்லாம் இன்னைக்கே பையில வெச்சிருங்க," என்றேன் கடைசியில். "நான் உள்ள யாரையும் பாக்கலை."

தெருவுக்கு அப்படியே சொன்னேன். உள்ளே ஆள் இல்லை, பூச்சி இருக்கிறது, கடித்தால் உப்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தேகச் சொர்ணமே சொன்ன பிறகு தெரு என்ன செய்யும், கலைந்து போனது. மறுநாள் காலையில் பை நிறைந்திருந்தது. ஸ்வெட்டர் மட்டும் இரண்டு இருந்தது. "பனி எடுத்துச்சு, பனியே திருப்பிக் குடுத்துருச்சு அக்கா," என்று புஷ்பம் என்னிடம் சொன்னாள், சொல்லும்போது காசிராஜனின் காலில் உலர்ந்திருந்த இரண்டு சிவப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை தேனி பஸ்ஸுக்குத் தெருவே கூடி வந்தது. சிலர் வழியனுப்ப வந்தார்கள், பெரும்பாலோர் நிஜமாகவே போகிறாளா என்று பார்க்க வந்தார்கள், பஸ்ஸுக்குள் வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க நானும் ஒரு தடவை ஏறி இறங்கினேன். மூடுபனி அவளுக்கு முன்னாலேயே போய் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் இந்தத் தடவை விடவில்லை, புஷ்பம் இரண்டு டிக்கெட் வாங்கினாள். காசிராஜன் பையை மேலே ஏற்றி வைத்துவிட்டு இறங்கி, ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, தூணோரம் நின்றுகொண்டார். கிட்டே வந்து நிற்கலாம் அல்லவா, நிற்கவில்லை. நான்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் உறுமியது. புஷ்பம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னைத் தாண்டி, தூணைப் பார்த்தாள். "போயிட்டு," என்று ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் தெருமுனைக் கடைக்குப் போகிறவள்கூட அதோடு நிறுத்த மாட்டாள். அடுத்த வார்த்தைக்காக நாங்கள் எல்லோரும் நின்றோம். அந்த நேரம் பார்த்து மூடுபனி ஜன்னலுக்கு வந்தது, அவள் வாயும் முகமும் வெள்ளையாகப் போயின, டிரைவர் ஹாரன் அடித்தார், பஸ் திரும்பிவிட்டது.

சொன்னாள் என்று பாதித் தெரு சொன்னது, சொல்லவில்லை என்று பாதித் தெரு சொன்னது. வெயில் பழையபடி வந்து எங்கள் தலையில் இறங்கியது. கூட்டம் பேசிக்கொண்டே கலைந்த பிறகு காசிராஜன் தூணை விட்டு மெதுவாக என்னிடம் வந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது, அவர் அவசரப்படவில்லை.

"மதினி, நீங்கதான் பக்கத்துல நின்னீங்க," என்றார். "வாரேன்னு சொன்னாளா?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதை ஜன்னலில் வைத்துக்கொண்டு நின்றவள். "போயிட்டு" என்பதற்குப் பிறகு அங்கே ஹாரன் சத்தமும் ஏலக்காய் வாசனையும்தான் இருந்தது.

"சொன்னா தம்பி," என்றேன். "தெளிவாச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருஷமாக நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது, என்மேல் விழுந்து அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டு தடவையா?" என்றார்.

"ரெண்டு தடவை," என்றேன்.